ஏர் ரைஃபிள் திருகுகளை முறையாக இறுக்குவது எப்படி? புதிதாக ரேஞ்சுக்கு வந்தவர்களுக்கு

ரேஞ்சில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. "நேத்து வரைக்கும் ஒன்பது, பத்துன்னு விழுந்தது. இன்னைக்கு எல்லாம் இடது பக்கம் எட்டுல போய் உட்காருது." முதலில் பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டைக் குறை சொல்வார்கள். அப்புறம் மூச்சு, நிற்கும் நிலை, ட்ரிகர் விரல் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவார்கள். பின்பக்க சைட்டை (குறிபார்க்கும் கருவியை) பத்து கிளிக் திருப்பிப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் யாராவது எல்-கீயை (ஆறு முகச் சாவியை) எடுத்து, தோளில் பதியும் கட்டையான ஸ்டாக்கின் ஸ்க்ரூவில் வைத்துப் பார்ப்பார்கள். அது கால் சுற்று சும்மாவே சுற்றும்.

இந்த விளையாட்டில் அளவுகள் எவ்வளவு சின்னவை என்று தெரிந்தால், ஒரு திருகு தளர்ந்ததற்கு இவ்வளவு பாடா என்ற கேள்வியே வராது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. அங்கிருந்து வெளியே வர வர ஒவ்வொரு வளையத்துக்கும் 2.5 மி.மீ. அதாவது குண்டு 2.5 மி.மீ. தள்ளி விழுந்தால் ஒரு மதிப்பெண் போய்விடும். உங்கள் ரைஃபிளில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின் சைட் 0.2 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலே இலக்கில் அது 2.5 மி.மீ. ஆகிவிடும். 0.2 மி.மீ. என்பது இரண்டு ஏ4 தாள்களின் தடிமன்தான். கண்ணுக்குத் தெரியாது, கையாலும் உணர முடியாது. ஸ்கோர் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்கர்களின் பேரல் நட் பேச்சுதான். ஏஆர்-15 என்ற அமெரிக்க ரைஃபிள் வகையில் பேரலை (குழலை) ரிசீவரோடு, அதாவது சுடும் பொறி இருக்கும் உடலோடு, பிடித்து வைப்பது ஒரு பெரிய நட். அதற்குச் சொல்லப்படும் இறுக்கம் 30 முதல் 80 அடி-பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 41 முதல் 108 நியூட்டன் மீட்டர். அந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு நம் ரைஃபிளில் கை வைத்தால் மரை மிஞ்சாது. நாம் தொடப்போவது பெரும்பாலும் 5 மி.மீ., 6 மி.மீ. திருகுகளை. பாயின்ட் 22 (0.22 அங்குலத் தோட்டா சுடும்) மேட்ச் ரைஃபிள்களின், அதாவது போட்டி ரைஃபிள்களின், ஸ்டாக் திருகுகளுக்கே வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 5 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அமெரிக்க எண்களில் மிகக் குறைந்ததோடு ஒப்பிட்டாலும் இது எட்டில் ஒரு பங்குதான்.

ஆனால் அந்தப் பேரல் நட் அளவில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. 30-லும் சரி, 80-லும் சரி என்றால், இறுக்கத்துக்கு ஒரே ஒரு மாய எண் கிடையாது. தாங்கும் எல்லைக்குள் ஓர் அளவைத் தேர்ந்தெடுத்து, எல்லாத் திருகையும் அதே அளவுக்கு, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி இறுக்குவதுதான் வேலை. புதியவர்கள் பலம்தான் துல்லியம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துத் திருகுகிறார்கள். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

எந்தத் திருகைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

ஆக்‌ஷனையும் ஸ்டாக்கையும் சேர்க்கும் திருகுகள் உங்கள் வேலை (ஆக்‌ஷன் என்பது குழலைத் தாங்கி, பெல்லட்டை ஏற்றிச் சுடும் உலோகப் பகுதி). பின் சைட், முன் சைட், ஸ்கோப் மவுன்ட் இவற்றின் திருகுகளும் உங்கள் வேலைதான். பட் ப்ளேட் (தோளில் பதியும் தகடு), கன்னப் பலகை ஆகியவற்றின் திருகுகளை நீங்கள் தினமும் தொடுவீர்கள், அதனாலேயே அவை சீக்கிரம் தளரும்.

பேரலை ஆக்‌ஷனுக்குள் பிடிக்கும் திருகுகளை ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) விட்டுவிடுங்கள். பல ரைஃபிள்களில் பேரலைக் கழற்றினால் காற்று கசியாமல் தடுக்கும் ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டியிருக்கும், பொருத்தும்போது அதன் நிலையும் பிசகக் கூடாது. காற்று சிலிண்டர், அதன் வால்வு, ரெகுலேட்டர் பக்கம் எல்-கீயோடு போகவே வேண்டாம். மேட்ச் ரைஃபிள் சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம் இருக்கும், சிலவற்றில் 300. கார் டயரில் இருப்பது இரண்டரை பாருக்குள்தான். சிலிண்டரைக் கையால் கழற்றி மாட்டுவதற்கென்றே அமைத்திருந்தால் கழற்றலாம். அதற்கு மேல் அதில் எதையும் பிரிக்கக் கூடாது.

என்ன சாமான் வேண்டும்

ஒரு நல்ல எல்-கீ செட். முனை தேயாதது முக்கியம். 5 மி.மீ. திருகுக்கு வழக்கமாக 4 மி.மீ. கீயும், 6 மி.மீ. திருகுக்கு 5 மி.மீ. கீயும் பொருந்தும். சில ரைஃபிள்களில் நட்சத்திர வடிவத் தலை வரும், அதற்கு டார்க்ஸ் கீ. உருண்டை முனை வைத்த கீ வசதியாக இருக்கும்தான். அதைச் சுழற்றிக் கழற்றவும் மாட்டவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இறுக்கத்துக்கு நேர் முனைதான் வேண்டும். உருண்டை முனை திருகுத் தலையின் உள் மூலைகளை மழுக்கிவிடும், பிறகு அந்தத் திருகைக் கழற்றுவது தனிக் கதை.

அடுத்தது டார்க் ரெஞ்ச், அதாவது வைத்த அளவு இறுக்கம் வந்ததும் கிளிக் கொடுக்கும் ரெஞ்ச். மெக்கானிக் நண்பரிடம் ஓசி வாங்க நினைக்காதீர்கள். வண்டிப் பட்டறையில் இருப்பது பெரும்பாலும் பெரிய அளவுகளுக்கானது, 5 நியூட்டன் மீட்டரை அது உணரவே உணராது. சைக்கிள் ஆட்கள் கார்பன் ஹேண்டில்பாருக்குப் பயன்படுத்தும் சின்ன டார்க் ரெஞ்ச்தான் நமக்கு ஏற்றது. 2 முதல் 14 அல்லது 2 முதல் 24 நியூட்டன் மீட்டர் வரை காட்டும். எந்த ரெஞ்சும் அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் நம்பகமாக இருக்காது என்பதால், 5 வேண்டுமென்றால் 2-இல் தொடங்கும் ரெஞ்ச் வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, குறைந்த அளவில் வைத்துப் பெட்டியில் போடுங்கள்.

அளவு இஞ்ச்-பவுண்டில் கொடுத்திருந்தால் குழம்ப வேண்டாம். ஒரு நியூட்டன் மீட்டர் என்பது 8.85 இஞ்ச்-பவுண்டு.

இவை தவிர, துடைக்க வெள்ளைத் துணி, கொஞ்சம் ஸ்பிரிட், குறி வைக்க பெயின்ட் மார்க்கர். மார்க்கர் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் நெயில் பாலிஷ் போதும். ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும்.

எண்ணெய் போடலாமா?

இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். நாம் திருகும் பலத்தில் சுமார் 90 சதவீதம் உராய்வுக்கே போய்விடும், பாதி திருகுத் தலைக்கு அடியிலும் மீதி மரையிலும். பத்தில் ஒரு பங்குதான் திருகை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. உலர்ந்த 6 மி.மீ. திருகை 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அது ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஸ்டாக்கைப் பிடித்து இழுக்கும். அதே திருகில் எண்ணெய் தடவி, அதே 5-க்கு இறுக்கினால் உராய்வு குறைந்து அந்த விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடலாம். ரெஞ்ச் இரண்டு முறையும் ஒரே கிளிக்தான் கொடுக்கும்.

அதனால் உலர்வா, எண்ணெயா என்பதை ஒருமுறை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். கையேட்டில் ஏதும் சொல்லாவிட்டால் மரையைத் துடைத்து உலர்வாகவே போடுவது நல்லது. துப்பாக்கி எண்ணெயை எல்லாப் பக்கமும் பீய்ச்சி அடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது மரைக்குள் இறங்கி அளவைக் கெடுக்கும், மரக் கட்டையாக இருந்தால் கட்டையையும் ஊறவைத்துவிடும்.

ஸ்டாக் திருகுகளை இறுக்கும் முறை

முதலில் பாதுகாப்பு. குழலில் பெல்லட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். போல்ட்டை (பெல்லட் ஏற்றும் பகுதியை) திறந்து வைத்து, ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடியைக் குழலுக்குள் செருகுங்கள். சிலிண்டர் கழற்றும் வகையென்றால் கழற்றித் தனியே வையுங்கள். முனை ஆள் இல்லாத பக்கம் பார்க்கட்டும். வீட்டில் செய்தால் பிள்ளைகள் இல்லாத அறையில் செய்யுங்கள்.

1. இப்போதிருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருகுத் தலையிலிருந்தும் ஸ்டாக்குக்கு ஒரு சின்னக் கோடு போட்டு, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

2. கீழே 3-இல் சொல்லும் சோதனையை முடித்த பிறகு, திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறித் தளர்த்துங்கள். ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு மற்றதுக்குப் போனால், எல்லாப் பளுவும் கடைசித் திருகில் ஏறும்.

3. முன்பக்கத் திருகைத் தளர்த்தும்போது ஒரு சோதனை செய்யலாம். பேரலும் ஸ்டாக்கும் சந்திக்கும் இடத்தில், இரண்டையும் தொடும்படி விரலை வையுங்கள். பின்திருகு இறுகியிருக்க, முன்திருகை மட்டும் தளர்த்துங்கள். விரலுக்கடியில் எதுவும் அசையவில்லையென்றால் ஆக்‌ஷன் ஸ்டாக்கில் சரியாக அமர்ந்திருக்கிறது. பேரல் எழும்பி வருவது தெரிந்தால், இவ்வளவு நாளும் திருகு அதை வளைத்துப் பிடித்து வைத்திருந்தது என்று பொருள். எவ்வளவு நேர்த்தியாக இறுக்கினாலும் அந்த வளைவு தீராது. ஆர்மரரிடம் காட்டி ஸ்டாக்கின் படுக்கையைச் சரி செய்ய வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக டார்க் ரெஞ்சைக் கையில் எடுப்பதில் பயனில்லை என்பது என் கட்சி.

4. திருகுகளையும் அவை உட்காரும் குழிகளையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். வாஷர் இருந்தால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து அப்படியே போடுங்கள். மரத்தூள், ஈயத்தூள், பழைய லாக்டைட் (திருகு தளராமல் இருக்கத் தடவும் பசை) துணுக்கு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

5. ஆக்‌ஷனை ஸ்டாக்கில் வைத்து, ரைஃபிளைச் செங்குத்தாக நிறுத்துங்கள், பட் கீழே, முனை மேலே. லேசாகக் கீழ்நோக்கி அழுத்தினால் ஆக்‌ஷன் அதன் இடத்தில் பின்னால் தள்ளி அமரும். எப்போதும் ஒரே மாதிரி உட்கார வைப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

6. திருகுகளை முதலில் கையால் சுற்றுங்கள். குறைந்தது மூன்று, நான்கு சுற்று எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது. நிறுத்தி, திருப்பிக் கழற்றி மறுபடி போடுங்கள். அலுமினிய மரைக்குள் எஃகுத் திருகு கோணலாக ஏறினால் தோற்பது அலுமினியம்தான்.

7. இரண்டு விரலில் கீயைப் பிடித்து, தலை ஸ்டாக்கைத் தொடும் வரை எல்லாத் திருகையும் கொண்டு வாருங்கள்.

8. இனி ரெஞ்ச். கடைசி அளவு 5 என்றால் முதலில் 2-இல் வைத்து முன், பின். அடுத்து 3.5-இல் முன், பின். கடைசியாக 5-இல் முன், பின். மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். கிளிக் வந்ததும் நிறுத்துங்கள். இன்னொரு முறை கிளிக் வாங்கிப் பார்ப்போமே என்று தோன்றும், வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் கிளிக்கும் கொஞ்சம் மேலே ஏற்றிவிடும்.

9. பழைய கோட்டை அழித்து, புது நிலையில் புதுக் கோடு போடுங்கள். நோட்டில் தேதி, அளவு, உலர்வா எண்ணெயா என்பதை எழுதுங்கள்.

உங்கள் ரைஃபிளுக்கான எண்ணைக் கையேட்டிலிருந்து எடுங்கள். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ், ஸ்டெய்ர் எல்லாமே ஒவ்வொரு மாடலுக்கும் கையேடு தருகின்றன. இந்தியத் தயாரிப்பான ப்ரெசிஹோல் வைத்திருந்தால் நிறுவனத்திடமே கேட்டுவிடலாம். பழைய கிளப் ரைஃபிள், கையேடு தொலைந்துவிட்டது என்றால் 3 நியூட்டன் மீட்டரில் தொடங்குங்கள். மர ஸ்டாக்கில் உலோக உறை இல்லாமல் திருகு நேராக மரத்தை அழுத்தினால் அதற்கு மேலே போகவே வேண்டாம், மரம் நசுங்கும்.

மரத்தைப் பற்றி இன்னொன்று. சென்னை மாதிரி கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். அதே திருகு, அதே நிலை, ஆனால் இறுக்கம் மாறியிருக்கும். மர ஸ்டாக் வைத்திருப்பவர்கள் பருவம் மாறும்போது ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அலுமினிய ஸ்டாக்கில் இந்தத் தலைவலி இல்லை.

சைட் திருகுகள்

ஸ்டாக் திருகை விட அதிகமாக ஏமாற்றுவது இவைதான். பின் சைட் 11 மி.மீ. தண்டவாளத்தில் கவ்விப் பிடித்திருக்கும். தண்டவாளத்திலும் கவ்வியிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். துடைத்துவிட்டு, இரண்டு திருகையும் மாறி மாறி, கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து விரல் பலத்தில் இறுக்கினாலே போதும். சைட் தண்டவாளத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு ஒரு கோடு போடுங்கள். பெட்டியில் வைக்கும்போது சைட்டைக் கழற்றுபவர்கள் அதே கோட்டில் மாட்ட வேண்டும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதலில் தன் முதல் குண்டு 4-இல் போய் விழுந்ததாக அபினவ் பிந்த்ரா சொல்லியிருக்கிறார். சைட்டின் அமைப்பு மாறியிருந்தது. கிடைத்த சில நிமிடங்களில் அவர் அதைச் சரிசெய்துகொண்டு சுட்டார், கடைசிக் குண்டு 10.8, மொத்தம் 700.5, தங்கம். நமக்கு அந்த நிதானம் இருக்குமோ என்னவோ. சுடத் தொடங்கும் முன் சைட் கோட்டைப் பார்ப்பது யாருக்கும் முடியும்.

ஸ்கோப் மாட்டியவர்களுக்கு: வளையத்தின் மேல் மூடித் திருகுகளுக்கு 2 நியூட்டன் மீட்டர் போதும். நான்கையும் குறுக்கு மறுக்காக, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி கொண்டு வாருங்கள். அதிகம் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நெளியும்.

மடக்கிச் சுடும் ஸ்பிரிங் ரைஃபிள்

பேரலை மடக்கி ஏற்றும் ரைஃபிளில் ஆரம்பிப்பவர்கள் நம்மூரில் நிறைய. ஒவ்வொரு குண்டுக்கும் உள்ளே பிஸ்டன் ஓடி மோதுவதால் அதிர்வு அதிகம். முன்பக்க ஸ்டாக் திருகுகள் சில நூறு குண்டுகளிலேயே தளர்ந்துவிடலாம். இந்த வகைக்கு மட்டும் நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு வைக்கலாம், மரையை நன்றாகத் துடைத்த பிறகு. ஒரு நாள் காயவிட்டுச் சுடுங்கள். சிவப்பு நிறம் வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும்.

பேரல் மடங்கும் அச்சு போல்ட்டும் முக்கியம். ஸ்பிரிங் ஏறிய பிறகு, லீவராக இருக்கும் பேரலைப் பாதி வழியில் நிறுத்திக் கையை எடுத்தால், விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். தன் எடையில் தொப்பென்று விழுந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. சோதிக்கும்போது ஒரு கை பேரலை விட்டு விலகாமல் அருகிலேயே இருக்கட்டும், விரலைக் காற்று வரும் வாய்ப் பக்கம் கொண்டு போகவே கூடாது. ஸ்பிரிங் ஏறிய நிலையில் எந்தத் திருகையும் திருகாதீர்கள். முறைப்படி பெல்லட் போட்டுச் சுட்டு இறக்கிய பிறகுதான் கீயை எடுக்க வேண்டும். பெல்லட் இல்லாமல் சுட்டு இறக்கினால் பிஸ்டன் அடிபடும்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

இறுக்கியதும் முதல் பத்து குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், பாகங்கள் அமரட்டும். அப்புறம் மேஜை மேல் மணல் மூட்டையில் ரைஃபிளைத் தாங்க வைத்து, ஒரே டப்பா பெல்லட்டில் ஐந்து ஐந்தாக ஐந்து குரூப் (குண்டுக் கொத்து) சுடுங்கள். நின்றுகொண்டு சுட்டால் நீங்கள் அசைந்ததா, ரைஃபிள் அசைந்ததா என்று பிரிக்க முடியாது. நல்ல மேட்ச் ரைஃபிளும் நல்ல பெல்லட்டும் சேர்ந்தால் ஐந்து குண்டும் 6 மி.மீ. அகல ஓட்டைக்குள் போகும். பெல்லட்டின் அகலமே 4.5 மி.மீ. என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரே ஒரு அழகான குரூப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து குண்டுக் குரூப் தற்செயலாகவே சின்னதாகவும் பெரிதாகவும் வரும். ஐந்து குரூப்பின் சராசரியைப் பாருங்கள். 3, 4, 5 என்று வெவ்வேறு இறுக்கத்தில் ஒப்பிட விரும்பினால் கையேடு சொல்லும் உச்சத்தைத் தாண்டாமல் செய்யுங்கள், ஒவ்வொரு அளவுக்கும் அதே பெல்லட், அதே மேஜை. இரண்டு அளவுகளுக்கிடையே வித்தியாசமே தெரியாவிட்டால் நல்லதுதான், ரைஃபிள் ஸ்டாக்கில் ஒழுங்காக அமர்ந்திருக்கிறது. குறைந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

திருகைத் தொட்ட பிறகு குரூப் இடம் மாறுவது சகஜம். சைட்டை மறுபடி ஜீரோ செய்ய, அதாவது குண்டு நடுவில் விழும்படி திருப்பி வைக்க வேண்டியிருக்கும். அதனால் போட்டிக்கு முந்தின நாள் மாலை இந்த வேலையில் இறங்காதீர்கள், குறைந்தது ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

எப்போதெல்லாம் பார்க்க வேண்டும்

ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் கோடுகளைக் கண்ணால் பாருங்கள், ஐந்து விநாடி வேலை. கோடு பிசகாமல் இருந்தால் கீயைத் தொடவே வேண்டாம். தினமும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போவது சில பேருக்கு ஒரு திருப்தி. அப்படித்தான் 5-இல் இருந்த திருகு ஆறு மாதத்தில் 8-க்குப் போய் நிற்கிறது. ரயிலிலோ பஸ்ஸிலோ நெடுந்தூரம் போய் வந்தால், ரைஃபிள் கீழே விழுந்தால், குரூப் திடீரென்று இரண்டாகப் பிரிந்தால் ரெஞ்சை எடுங்கள். இரண்டு தனிக் கொத்தாகக் குண்டுகள் விழுவது தளர்ந்த திருகின் அடையாளம், ஆக்‌ஷன் இரண்டு நிலைகளுக்கிடையே ஆடுகிறது. எல்லாப் பக்கமும் சிதறினால் பெல்லட்டையும் குழலையும் பாருங்கள்.

சட்டம் பற்றி ஒரு வரி. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். பாயின்ட் 22 ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும், அதைக் கழற்றி மாட்டும் வேலையை உரிமம் பெற்ற ஆர்மரர் முன்னிலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருகுத் தலை மழுங்கிவிட்டதா, மரை சும்மா சுற்றுகிறதா? பெரிய திருகைத் திணித்துச் சமாளிக்க வேண்டாம். மரைக்குள் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் வைத்து அதே அளவில் புது மரை போடலாம். அலுமினியத்தில் அந்த வேலை தெரிந்த லேத் பட்டறைகள் உண்டு, ஸ்டாக்கை மட்டும் கழற்றி எடுத்துப் போனால் போதும்.